வீட்டோடு பூனையா, நம்மோடு பூனையா?



சென்ற திங்கள் இப்பகுதிக்கு வந்த மடல்களுள் ஒன்று மூன்று வாரங்களாக என் மேசையின்மேல் கிடக்கிறது. விடை எழுத அமர்வதும், இரண்டு வரி எழுதியபின் பேனாவை மூடிவிட்டு எழுந்துவிடுவதுமாக நாட்கள் கழிந்துவிட்டன. கல்கத்தாவின் சால்ட் லேக் பகுதியில் வாழும் சகோதரி ஒருவர் எழுதிய மடல் அது. அவருடைய கணவர் பணியிலிருந்து ஓய்வு பெறுகிறார். வரும் சித்திரையில் குடும்பம் கோயம்புத்தூருக்கே திரும்புகிறது. தட்டுமுட்டுச் சாமான்களுள் எதை எடுத்துச் செல்வது, எதை விற்பது, எதை வேலைக்கு வரும் பெண்ணுக்குக் கொடுப்பது என்பன எல்லாம் முடிவாகிவிட்டன. முடிவாகாதது ஒன்றுதான். அது ஒன்பது வயதுப் பூனை.

"நாய் மனிதரை நேசிக்கும், பூனை வீட்டைத்தான் நேசிக்கும், ஆகையால் அதை அதன் இடத்திலேயே விட்டு வருவதுதான் நாம் அதற்குச் செய்யும் நன்மை என்று உறவினர் அனைவரும் ஒருமுகமாகக் கூறுகின்றனர். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் மறுத்துரைக்கவும் தெரியவில்லை. தாங்கள் பூனை வளர்த்தவர் என்று கேள்விப்பட்டேன். அவர்கள் சொல்வது உண்மைதானா?" என்று அச்சகோதரி வினவுகிறார். இவ்வளவு பெரிய மடலை ஒரு பூனைக்காகவா எழுதினாள் என்று நகைக்க வேண்டாம் என்றும் ஓரத்தில் குறித்திருக்கிறார்.

நகைக்கவில்லை, சகோதரி. விடை தாமதமானதற்குக் காரணம் வேறு. அதைப் பின்னர்ச் சொல்வேன்.

நம் முன்னோர் பூனையை அறியாதவர் அல்லர். தொல்காப்பிய மரபியல் வெருகின் இளமைக்குக் 'குட்டி' என்னும் பெயரை வகுத்துரைக்கிறது. வெருகைப் 'பூசை' என வழங்கும் வழக்கையும் குறிப்பிடுகிறது. பாரியின் நாட்டைப் பாடிய கபிலர், முல்லை அரும்புக்கு வெருகுக் குட்டியின் கூரிய பல்லை உவமை கூறினார். கம்பரோ இராமகாதையைப் பாட முனைந்த தம்மையே, பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனைக்கு ஒப்பிட்டுக்கொண்டார். மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் முன்கால்களை உயர்த்தித் தவம் புரியும் பூனையையும், அதன் அருகே அஞ்சாது நிற்கும் எலிகளையும் கண்டு சிரிக்காத சிறுவர் இல்லை. ஆயினும் இவற்றுள் எதிலும் ஒரு தனிப் பூனையின் சுபாவம் பேசப்படவில்லை. பாரதியார் வீட்டு வெள்ளைப் பூனையைப் பாடியபோதும் அதன் குட்டிகளின் நிறவேற்றுமையைத்தான் எடுத்துக்கொண்டார்; அவர் சொல்ல வந்தது மனிதரைப் பற்றி. ஒரே ஈற்றில் பிறந்த நான்கு குட்டிகள் நிறத்தில் மட்டுமா வேறுபடுகின்றன? ஒன்று அடுப்படிக்கு அஞ்சாமல் வரும். ஒன்று அலமாரிக்குப் பின்னால் இருந்துகொண்டு உலகத்தைக் கணக்கெடுக்கும். இந்த வேற்றுமையை அறிந்தவர்கள் வீட்டில் வைத்து வளர்த்தவர்கள் மட்டுமே. ஆகவே ஏடுகளை மூடிவைத்துவிட்டு, நான் அறிந்த பூனைகளைப் பற்றிச் சொல்கிறேன். அவற்றுள் இரண்டு, சகோதரியின் கேள்விக்கு நேர் எதிரான இரண்டு விடைகளைத் தந்தவை.

முதற்பூனை பம்பாயில் எங்களுக்கு வாய்த்தது. 1979-ஆம் ஆண்டு மாட்டுங்காவில் மூன்றாம் மாடியில், இரண்டறை கொண்ட ஜாகையில் குடியேறினோம். குடியேறிய மறுநாட் காலை, பால் காய்ச்சிய பாத்திரத்தின் அருகே வெள்ளையும் மஞ்சளுமான ஒரு பெண் பூனை, வாடகை வாங்க வந்தவரைப் போல் அமர்ந்திருந்தது. கீழ்த்தளத்து மராட்டியக் குடும்பத்துப் பிள்ளைகள் அதை 'மனீ' என்று அழைத்தனர். மராட்டியர் வீட்டுப் பூனைகளுக்கு அது வெகு சாதாரணமான பெயர் என்பது பின்னர்த் தெரிந்தது. எங்கள் செவிக்கு அது 'மணி' என்றே விழுந்தது. எங்களைப் பொறுத்தவரை அவள் மணியாகிவிட்டாள்.

மணிக்கு அந்தக் கட்டடத்தில் நான்கு வீடுகள். கீழ்த்தளத்தில் உலர்ந்த பொம்பில் மீன். இரண்டாம் மாடிக் குஜராத்தியர் வீட்டில் ஏடு படர்ந்த பால். எங்கள் வீட்டில் தயிர். எதிர்வீட்டில் தனியே வாழ்ந்த முதியவரின் மடி. ஒவ்வொரு வீட்டிலும் அவள் ஒவ்வொரு விதமாக நடந்துகொண்டாள். குஜராத்தியர் வீட்டில் பரம சாது. பூசையறை வாயிலில் கண்களை மூடி அமர்ந்திருப்பாள். எங்கள் வீட்டில் பகற்கொள்ளைக்காரி. தயிர்சாதம் வைத்தால் தயிரை மட்டும் நக்கிவிட்டுச் சோற்றை நமக்கே விட்டுவைப்பாள். நான்கு குடும்பத்தாரும் அவள் தங்களுடையவள் என்றே மனப்பூர்வமாக நம்பினர். ஒருநாள் மாடிப்படியில் இதைப் பற்றிப் பேச்சு எழுந்து, குஜராத்தி அம்மையாருக்கும் என் மனைவிக்கும் இடையே இரண்டு நாள் பேச்சுவார்த்தையே இல்லாமல் போயிற்று.

1984-ஆம் ஆண்டு எனக்கு டில்லிக்கு மாற்றல் உத்தரவு வந்தது. சாமான்கள் லாரியில் ஏறும்வரை மணி படிக்கட்டின் கைப்பிடிச் சுவரில் அமர்ந்து மேற்பார்வை செய்துகொண்டிருந்தாள். பின்னர் இரண்டாம் மாடியில் பால் காயும் வாசனை எழவே எழுந்து போய்விட்டாள். எங்களுக்குத்தான் கண் கலங்கிற்று. அவளுக்கு நாங்கள் நான்கில் ஒரு பங்கு. எஞ்சிய மூன்று பங்கும் அங்கேயே இருந்தன. அவளை விட்டுவந்ததில் தவறு இருப்பதாக இன்றும் எனக்குத் தோன்றவில்லை.

இந்த அனுபவந்தான் என்னைக் கெடுத்தது.

டில்லியில் இராமகிருஷ்ணபுரத்து அரசாங்கக் குடியிருப்பில் எங்களுக்குத் தரைத்தளத்தில் வீடு கிடைத்தது. என் தந்தையார் 1985-இல் காலமானபின் அன்னையும் எங்களுடன் வந்து தங்கினார். தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரை விட்டு அதற்குமுன் அவர் அதிகம் வெளியே வந்தவர் அல்லர். ஹிந்தி தெரியாது. நான் அலுவலகம் போய்விடுவேன். மனைவி பள்ளியில் ஆசிரியையாக இருந்தாள். பிள்ளைகள் படிக்கப் போய்விடுவர். காலை எட்டரை மணி முதல் மாலை வரை அன்னைக்குப் பேச்சுத்துணை யாரும் இல்லை. கிருத்திகைதோறும் மலை மந்திருக்கு அழைத்துச் செல்வேன். அங்கே நான்கு தமிழ்க் குரல்களைக் கேட்டுவிட்டு வருவதுதான் மாதத்தில் அவருக்கு ஒரு நாள் திருவிழா.

1986-ஆம் ஆண்டுத் தைக் குளிரில், பின்கட்டில் அடுக்கியிருந்த பழைய செங்கற்களுக்கு இடையில் ஒரு சாம்பல் நிறப் பூனைக்குட்டி ஒடுங்கிக் கிடந்தது. தாய் என்ன ஆயிற்றோ தெரியாது. கையை நீட்டினால் சீறும். பாலை வைத்துவிட்டு நாம் உள்ளே வந்து கதவைச் சாத்தினால்தான் வந்து குடிக்கும். அன்னை அதைப் பிடிக்க முயலவில்லை. வெயிலில் கயிற்றுக்கட்டிலைப் போட்டுக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே அதனோடு பேசத் தொடங்கினார். அவ்வளவுதான். ஊர்க்கதை, மாமியார் கதை, காவிரியில் வெள்ளம் வந்த கதை. இரண்டு மாதம் கழித்து ஒருநாள் நான் அலுவலகத்திலிருந்து வந்து பார்த்தபோது, கட்டிலின் கால்மாட்டில் அது உறங்கிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் ஓடிவிட்டது.

அன்னை அதற்குப் பெயர் வைக்கவில்லை. 'குட்டி' என்றே அழைத்தார். அது வளர்ந்து பெரிதாகி ஆறேழு வயது ஆனபின்னும் குட்டிதான். தொல்காப்பியர் வகுத்த இளமைப் பெயர் அந்தப் பூனைக்குக் கடைசிவரை நிலைத்துவிட்டது. அந்நியர் குரல் கேட்டால் குட்டி பரண்மேல் ஏறிவிடும். பிள்ளைகள் எவ்வளவோ கெஞ்சியும் அவர்கள் மடிக்குப் போனதில்லை. "இவளுக்குத் தமிழ்தான் தெரியும்டா. நீங்கள் எல்லாரும் ஹிந்தியைக் கலந்து பேசுகிறீர்கள், அதனால்தான் வரமாட்டேன் என்கிறாள்" என்று அன்னை சொல்வார். நாங்கள் சிரிப்போம். ஆனால் அவர் அழைத்தால் அது திரும்பியதும், நாங்கள் அழைத்தால் காதை மட்டும் அசைத்ததும் கண்கூடு. ஜப்பானிய ஆராய்ச்சியாளர் இருபது பூனைகளை வைத்து நடத்தி 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று, தம்மை வளர்ப்பவர் குரலைப் பூனைகள் பிறர் குரலினின்றும் பிரித்தறிகின்றன என்றும், அறிந்தும் எழுந்து வராமல் காதையும் தலையையும் திருப்புவதோடு நிறுத்திக்கொள்கின்றன என்றும் காட்டியது. 2019-இல் அவர்களே, தம் பெயரையும் பிற சொற்களிலிருந்து பூனைகள் வேறுபடுத்தி அறிகின்றன என்று கண்டனர். இதை அன்னை கேட்டிருந்தால், இதற்கு ஜப்பானுக்குப் போக வேண்டுமா என்றிருப்பார்.

1992-ஆம் ஆண்டு ஐப்பசியில் அன்னை மறைந்தார். குட்டி அந்தக் கயிற்றுக்கட்டிலில் மூன்று நாள் கிடந்தது. நான்காம் நாள் இரவு, விளக்கை அணைத்தபின், என் கால்மாட்டில் ஏதோ ஏறிப் படுத்ததை உணர்ந்தேன். ஆறாண்டுகளில் அது என் அருகே வந்தது அதுவே முதல் முறை. அன்றிலிருந்து நான் தட்டை வைத்தால்தான் உண்ணும். நான் அலுவலகம் விட்டு வரும் நேரத்தில் வாயிற்படியில் அமர்ந்திருக்கும். அன்னையைப் போல் அதனோடு பேச எனக்கு நேரம் இருந்ததில்லை. அதற்கு அது குறை சொன்னதும் இல்லை.

ஏழு மாதம் கழித்து, 1993 மே திங்களில், எனக்குக் கல்கத்தாவுக்கு மாற்றலாயிற்று. சகோதரிக்கு உறவினர் சொன்ன அதே வார்த்தையை எனக்கு அன்று பிறர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பூனை வீட்டோடு சேர்ந்தது. மணியை விட்டுவந்தோமே, என்ன ஆகிவிட்டது என்று. புகைவண்டியில் கொண்டுபோகும் தொல்லையும், புது ஊரில் வீடு கிடைக்கும்வரை எங்கே வைப்பது என்ற கவலையும் அந்த எண்ணத்திற்கு வலுவூட்டின. அந்த வீட்டிற்கு அடுத்து வரவிருந்த அன்பர் நல்லவர். சோறு வைப்பதாக வாக்களித்தார், வைக்கவும் செய்தார்.

ஒரு மாதம் கழித்து எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மையார் தம் மகனைக் கொண்டு ஒரு கடிதம் எழுதுவித்தார். குட்டி பதினொரு நாள் அந்த வாயிற்படியிலேயே மாலை வேளைகளில் வந்து அமர்ந்ததாம். வைத்த உணவை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிவிடுமாம். பன்னிரண்டாம் நாள் முதல் அதைக் காணவில்லையாம்.

வீடு அங்கேயேதான் இருந்தது. அதே படி, அதே பரண், அதே செங்கல் அடுக்கு. பூனைக்கு வேண்டியது வீடுதான் என்றால் குட்டிக்கு எந்தக் குறையும் நேர்ந்திருக்கக் கூடாது. இந்த ஒரு கணக்கை நான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் போட்டுப் பார்க்கிறேன், விடை மாறுவதில்லை. சகோதரியின் மடலுக்கு உடனே பதில் எழுத முடியாமற்போன காரணம் இதுதான்.

இனி, உறவினர் கூற்றில் உள்ள உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பூனை தன் எல்லையைப் பெரிதாக மதிக்கும் பிராணி என்பதில் ஐயமில்லை. மேற்காசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் திரியும் காட்டுப்பூனை இனமே நம் வீட்டுப் பூனையின் மூதாதை என்பதை 2007-ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆய்வு நிலைநாட்டியது. அந்தக் காட்டுப்பூனை தனித்து வேட்டையாடி, தன் எல்லையைக் காத்து வாழ்வது. நாயோ கூட்டமாக வாழ்ந்த ஓநாயின் வழி வந்தது; கூட்டம் எங்கேயோ அங்கேதான் அதற்கு ஊர். கன்னத்தைக் கதவிலும் நாற்காலிக் காலிலும் தேய்த்துப் பூனை தன் மணத்தைப் பதிக்கிறது. அந்த மணம் பரவிய இடந்தான் அதற்கு அச்சமற்ற இடம். புதுவீட்டில் அது மிரள்வதற்குக் காரணம் இதுவே.

ஆனால் அதே இனத்தைப் பற்றிய இன்னொரு செய்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சைப்பிரஸ் தீவில் சில்லூரோகம்போஸ் என்னும் இடத்தில், ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு மனிதரின் புதைகுழியைப் பிரெஞ்சு அகழ்வாராய்ச்சியாளர் கண்டனர். அதிலிருந்து 40 சென்டிமீட்டர் தொலைவில், எட்டு மாதம் நிரம்பிய ஒரு பூனை தனிக்குழியில் சிதையாமல் கிடத்தப்பட்டிருந்தது. 2004-இல் இச்செய்தி வெளிவந்தது. சைப்பிரஸ் தீவுக்குப் பூனை சொந்தப் பிராணி அன்று. யாரோ அதன் முன்னோரைப் படகில் ஏற்றிக் கடல்கடந்து கொண்டுவந்திருக்க வேண்டும். மனிதரோடு சேர்த்து அடக்கம் செய்யப்பட்டதாக நாம் அறிந்த மிகப் பழைய பூனையே, புலம்பெயர்ந்த ஒரு குடும்பத்தின் பூனை! இப்பத்திரிகையைப் படிக்கும் நமக்கு இதைவிட அணுக்கமான உறவு வேறு எது?

பூனைக்கு மனிதரிடத்தில் பற்று உண்டா என்பதில் ஆராய்ச்சியாளர்களும் ஒரே குரலில் பேசவில்லை. இங்கிலாந்தில் லிங்கன் பல்கலைக்கழகத்தார் இருபது பூனைகளைச் சோதித்து, குழந்தையும் நாயும் தம்மைக் காப்பவரிடம் காட்டும் விதமான சார்பைப் பூனைகளிடம் காணவில்லை என்று 2015-இல் எழுதினர். அமெரிக்காவில் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் வேறு முறையில் சோதித்தனர். குட்டியை அதன் எஜமானரோடு அறிமுகமில்லாத ஓர் அறையில் இரண்டு நிமிடம் வைத்து, எஜமானரை வெளியேற்றி இரண்டு நிமிடம் தனியே விட்டு, மீண்டும் அவரை உள்ளே அனுப்பினர். நூற்றுக்கு ஏறத்தாழ 64 குட்டிகள் அவரை வரவேற்று, மனம் தெளிந்து, பிறகு அறையைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டன. எஞ்சியவை அவரையே விடாது பற்றிக்கொண்டன, அல்லது விலகி நின்றன. இது 2019-இல் வெளிவந்தது. எந்த ஆய்வு சரி என்று தீர்ப்பளிக்க நான் யார்? ஆனால் இரண்டாம் ஆய்வில் எனக்குப் பிடித்தது அந்த 64 அன்று, மீதியுள்ள 36-தான். ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை என்பதை அந்த எண் ஒப்புக்கொள்கிறது.

ஆஸ்திரேலியாவிலும் நியூஜிலாந்திலும் 2,802 வீட்டுப் பூனைகளைப் பற்றி வளர்ப்போரிடம் விவரம் கேட்டு 2017-இல் வெளியிட்ட ஆய்வு, அவற்றின் சுபாவத்தை ஐந்து கூறுகளில் அளந்தது. அச்சமும் பதற்றமும் ஒன்று, புதியதை நாடும் துடிப்பு ஒன்று, பிற பூனைகளை அடக்கியாளும் குணம் ஒன்று, நின்று நிதானிக்காத போக்கு ஒன்று, இணக்கம் ஒன்று. அந்த அளவுகோலில் எங்கள் மணி துடிப்பில் உச்சம், குட்டி அச்சத்தில் உச்சம். பிறந்து இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை மனிதர் கை பட்டு வளர்ந்த குட்டிகள் பின்னாளில் மனிதரிடம் எளிதில் பழகுகின்றன என்பதும், தந்தைப் பூனையின் துணிவு குட்டிகளுக்கு வருகிறது என்பதும் முன்பே அறியப்பட்டவை. அந்தத் தந்தை பெரும்பாலும் தன் குட்டிகளின் முகத்தையே பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். குட்டி செங்கல் இடுக்கில் அந்த ஏழு வாரத்தைக் கழித்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஒன்று வாழ்நாளில் இரண்டே மனிதரைத் தேர்ந்தெடுத்தது. ஒருவர் மறைந்தார். மற்றவர் கல்கத்தா மெயிலில் ஏறிவிட்டார்.

அந்தப் பஞ்சாபி அம்மையாரின் கடிதத்தை என் மனைவிக்கு நான் காட்டவில்லை. 2000-ஆம் ஆண்டில், எதையோ தேடும்போது அவளே அதைக் கண்டெடுத்துப் படித்தாள். ஒன்றும் கேட்கவில்லை. "இனி இந்த வீட்டில் பூனை கூடாது" என்று ஏழாண்டுகளாகச் சொல்லிவந்தவள், மறு ஆண்டு மழைக்காலத்தில் நனைந்து வந்த மூவண்ணப் பூனைக்குட்டியைத் தானே முந்தானையில் துடைத்து உள்ளே கொண்டுவந்தாள். அடுத்த வீட்டு வங்காள மாசீமா அதைப் பார்த்த மாத்திரத்தில் பெண்குட்டி என்றார். மூன்று நிறம் கொண்டவை ஏறக்குறைய எல்லாமே பெண்ணாக இருப்பது இயற்கை நியதி. வங்காளத்தில் பெண் பூனையை 'மேனி' என்பர். குழந்தைகளைக் காக்கும் சஷ்டி தேவியின் ஊர்தி பூனை என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகையால் அதை அடித்து விரட்ட அவர்களுக்குக் கை வருவதில்லை. மேனி என்ற பெயர் நிலைத்தது. நம் செவிக்கு உடல் என்று பொருள்படும் அப்பெயருக்கு ஏற்ப, உடலை வளர்ப்பதையே அவளும் தொழிலாகக் கொண்டிருந்தாள்.

இங்கே சைவ உணவுக் குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. தயிர்சாதத்திலேயே பூனையை வளர்த்துவிடலாம் என்று நாங்களும் எண்ணினோம். அது பெரும் பிழை. புலால் உணவில் மட்டுமே போதிய அளவில் கிடைக்கும் டாரின் என்னும் சத்து இல்லாவிடில் பூனையின் கண் பழுதாகும் என்பது 1975-லும், இதயம் வீங்கித் தளரும் என்பது 1987-லும் தெளிவாயின. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலே செரிப்பதில்லை. கல்கத்தாவில் வாழ்ந்துகொண்டு பூனைக்கு மீன் கிடைக்காமல் செய்வது மகா பாவம் என்று மாசீமா எங்களைக் கண்டித்து, நாள்தோறும் இரண்டு துண்டுகளைத் தம் வீட்டுத் தாழ்வாரத்திலேயே வைத்து ஊட்டினார். எங்கள் ஆசாரம் பிழைத்தது, மேனியும் பிழைத்தாள். பாயசத்திற்கும் அவள் ஓடி வருவதுண்டு. பூனையின் நாவுக்கு இனிப்புச் சுவையே தெரியாது என்று 2005-இல் கண்டறிந்தார்கள். ஆகவே அவள் தேடி வந்தது நெய்யைத்தான்.

2008-இல் நான் ஓய்வு பெற்று, பாலிகஞ்சிலிருந்து பேகாலாவில் வாங்கிய சிறு வீட்டுக்குக் குடிபெயர்ந்தோம். இம்முறை யாரும் யாரையும் யோசனை கேட்கவில்லை. மேனி பிரம்புக் கூடையில் மஞ்சள் டாக்ஸியில் வந்தாள். வழி நெடுகிலும் அலறினாள். உள்ளே யாரைக் கடத்திப் போகிறீர்கள் என்று ஓட்டுநர் கேட்டார். புதுவீட்டில் நான்கு நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளிவரவில்லை. மனைவி தன் பழைய புடவையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, பக்கத்தில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் இரவு மேனி வெளியே வந்தாள். அதன்பின் பத்தாண்டுகள், 2018 வரை, அவள் அவ்வீட்டின் அதிகாரியாக இருந்தாள். இறுதிக் காலத்தில் எழுந்து நடக்க இயலாதபோதும், மனைவி அறைக்குள் நுழைந்தால் கண்களை மெல்ல மூடித் திறப்பாள். மனைவியும் அவ்வாறே செய்வாள். மனிதர் மெல்லக் கண் சிமிட்டினால் பூனைகளும் பதிலுக்குச் சிமிட்டுகின்றன என்று 2020-இல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் எழுதியதைப் படித்துக் காட்டினேன். "தெரியும்" என்றாள்.

ஆகவே, சகோதரி, உங்கள் உறவினர்க்குச் சொல்ல வேண்டிய விடையை நான் தர இயலாது. உங்கள் பூனைதான் தர வேண்டும். அது மணியா, குட்டியா? அக்கம்பக்கத்தில் அது உண்டு உறங்கும் வேறு வீடு உள்ளதா? நீங்கள் ஊருக்குச் சென்ற நாட்களில் பிறர் கையால் உண்டதா, பட்டினி கிடந்ததா? விருந்தினர் வந்தால் மடியில் ஏறுமா, பரணில் ஏறுமா? ஒன்பதாண்டுகள் உடன் வாழ்ந்த உங்களுக்கு இவை தெரியும். மடலின் இரண்டாம் பக்கத்தில், மாலை ஐந்து மணியானால் அது கதவருகே வந்து அமர்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் பலமுறை படித்தேன். ஐந்து மணிக்கு யார் வருகிறார் என்று நீங்கள் எழுதவில்லை.

உடன் கொண்டுபோவதென்றால், புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பே கூடையைத் திறந்து வீட்டின் நடுவில் வைத்துவிடுங்கள். அதனுள் உங்கள் பழைய துணி கிடக்கட்டும், துவைக்க வேண்டாம். வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசியும், கால்நடை மருத்துவர் சான்றும் தயாராக இருக்கட்டும். இரயிலில் கொண்டுசெல்லும் விதிகளை நிலையத்துப் பார்சல் அலுவலகத்தில் முன்னதாகவே நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். உறவினர் சொல்வதை நம்ப வேண்டாம். மயக்க மருந்து மருத்துவர் சொல்லாமல் கூடாது. கோவையில் முதலில் ஓர் அறை மட்டும் அதற்குப் போதும். பழைய படுக்கை விரிப்பை அங்கே விரித்துவிடுங்கள். மூன்று வாரமாவது வெளியே விட வேண்டாம். முன்னரே விட்டால் சால்ட் லேக்கைத் தேடிப் புறப்பட்டுவிடும். ஒன்பது வயது பெரிய வயது அன்று. நல்ல பராமரிப்பில் பதினைந்தைத் தாண்டும் பூனைகள் பல.

விட்டுச் செல்லத்தான் வேண்டும் என்றால், வீட்டில் விடாதீர்கள், ஒரு மனிதரிடம் விடுங்கள். அம்மனிதரைப் பூனையே ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். அவர் உங்கள் வீட்டுக்கு நாள்தோறும் வந்து சில வாரம் தம் கையால் உணவு வைக்கட்டும்; அது உண்கிறதா என்று நீங்களே பாருங்கள். உண்ணாவிட்டால், தயவுசெய்து, டிக்கட்டை மாற்றிப் பதிவு செய்யுங்கள். பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் தக்க காரணமின்றிப் பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டுப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் உறவினர் காதில் போட்டுவையுங்கள். அப்பேச்சு சில இடங்களில் அன்பைவிட விரைவாக எடுபடுகிறது.

இன்னொன்று. நான்கு பக்க மடலில் எங்கும் உங்கள் பூனையின் பெயரை நீங்கள் குறிப்பிடவில்லை. அடுத்த மடலில் அதையும், ஐந்து மணி விவரத்தையும் எழுதுங்கள்.